கணவர் ஷார்ஜாவில், மனைவி திருச்சியில்: வீடியோ கவுன்சலிங் பயன் தருமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கல்யாணமாகி 7 வருடம். கணவருக்கு ஷார்ஜாவில் சைட் இன்ஜினியர் வேலை. நீங்கள் திருச்சியில் மாமியாரோடும் 4 வயது மகளோடும் இருக்கிறீர்கள். கொஞ்ச காலமாக ஃபோன் எடுத்தாலே சண்டை, இல்லாவிட்டால் 'சாப்டியா, பாப்பா தூங்கிட்டாளா' என்ற இரண்டு வரியோடு சரி. ஆன்லைனில் தம்பதி கவுன்சலிங் எடுத்துப் பார் என்கிறார் தோழி. திரையில் பேசியா உறவு சரியாகும், காசு வீணாகாதா, ஆராய்ச்சி என்ன சொல்கிறது, அவர் வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் இருக்கும். உங்கள் நிலைமையில் நேரில் போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். அலைச்சல் மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் இருவரின் குடும்ப வாழ்க்கையே ஃபோனில்தான் நடக்கிறது. சண்டை பிறப்பதும் அதில்தான், முறுக்கிக்கொண்டு பேசாமல் இருப்பதும் அதில்தான். அவர் ஊருக்கு வந்திருக்கும் ஒரு மாதத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து அழகாகப் பேசப் பழகினாலும், விமானம் ஏறியதும் மறுபடி அதே ஃபோன், அதே இரவு ஒன்பதரை மணி. பழுது எங்கே இருக்கிறதோ அங்கேயே வேலை பார்க்க வீடியோ கவுன்சலிங் வழி விடுகிறது.

நான் தம்பதிகளோடு வேலை செய்யும் கவுன்சலர். 2020க்குப் பிறகு என் வேலையில் பெரும்பகுதி வீடியோவில்தான். வளைகுடாவில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று வருகிறவர்கள் நிறையப் பேர். வீடியோ கவுன்சலிங்கில் என்ன நடக்கிறது என்று காட்டினால்தான் உங்களுக்குப் புரியும். கீழே இருப்பது ஒரு வீட்டுக் கதை அல்ல, பல வீடுகளில் கேட்டதைச் சேர்த்து எழுதியது.

முதலில் கணவன் மனைவியின் ஒரு ஃபோன் பேச்சு. இங்கே இரவு 9.30, அங்கே 8.

"அத்தைக்கு ரெண்டு நாளா முட்டி வீங்கியிருக்கு. இன்னைக்கு நான்தான் பாப்பாவையும் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு. நீங்க ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கல."

"சைட்ல இருந்தேன்மா. அதான் பணம் போட்டேன்ல?"

"பணம் போட்டா எல்லாம் ஆச்சா?"

"இப்ப என்னை என்ன பண்ணச் சொல்ற? வேலையை விட்டுட்டு வந்துரவா?"

"நான் அப்படியா சொன்னேன்? எதைச் சொன்னாலும் இதே பதில்தான்."

"சரி, காலைல பேசலாம். தூக்கம் வருது."

வைத்துவிடுகிறார். தூக்கம் வருகிறது என்றவர் பதினொன்றரை வரை வாட்ஸ்அப்பில் 'ஆன்லைன்' என்று காட்டுகிறார். மனைவி நீளமாக நான்கு மெசேஜ் அனுப்புகிறார். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மறுநாள் காலை 'குட் மார்னிங்' படம் ஒன்று வருகிறது. அதோடு அந்த விஷயம் மூடப்படுகிறது. உண்மையில் மூடப்படவில்லை, அடுத்த வாரச் சண்டையில் முதல் வரியாக வரும்.

அமர்வில் இந்தப் பேச்சை மெதுவாகத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். யார் சொன்னது நியாயம் என்று பார்ப்பதற்கில்லை. 'அதான் பணம் போட்டேன்ல' என்ற இடத்தில் நிறுத்தி, அதைச் சொல்வதற்கு முந்தின நொடியில் உள்ளே என்ன ஓடியது என்று அவரிடம் கேட்பேன். முதலில் "ஒண்ணுமில்ல" என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் வேறொன்று வரும். "அம்மாவுக்கு முடியலன்னு கேட்டதும் வயித்தைப் பிசைஞ்சுது. இங்கிருந்து என்னால முடிஞ்சது பணம் ஒண்ணுதான். அதையும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு?" அடுத்து மனைவி: "நான் பணத்தைக் குறை சொல்லல. ஆஸ்பத்திரில மூணு மணி நேரம் தனியா நின்னேன். நீங்க ஒரு தடவை கேட்டிருந்தீங்கன்னா, கூட ஆள் இருக்குன்னு இருந்திருக்கும்."

இத்தனை வருடத்தில் இந்த இரண்டையும் ஒருவரிடம் ஒருவர் சொன்னதே இல்லை. சொல்ல வாய் வராததால், ஒருத்தர் குற்றமாகக் கொட்டுகிறார், இன்னொருவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் மூட மூட இவர் இன்னும் கொட்டுகிறார், இவர் கொட்டக் கொட்ட அவர் இன்னும் ஒதுங்குகிறார். 1980களில் கனடாவில் உளவியலாளர்கள் சூ ஜான்சனும் லெஸ் கிரீன்பெர்க்கும் உருவாக்கிய சிகிச்சை முறை இந்தச் சுழற்சியைத்தான் மையமாக எடுத்துக்கொள்கிறது. குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதைக் கணவன் மனைவிக்கும் பொருத்திப் பார்த்தார் ஜான்சன். சண்டையின் அடியில் இருக்கும் கேள்வி 'ஏன் ஃபோன் பண்ணலை' அல்ல, 'எனக்கு ஒண்ணுன்னா நீ இருப்பியா' என்பது. எதிரி கணவரும் அல்ல, மனைவியும் அல்ல, அந்தச் சுழற்சிதான் என்று இருவரும் ஒன்றாகப் பார்க்க ஆரம்பிக்கும்போது பாதி வேலை முடிகிறது.

அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் காட்மன் வேறு பக்கமிருந்து இதற்கு வந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளை உட்காரவைத்து, ஏதாவது ஒரு பிரச்சினையைப் பேசச் சொல்லி, வீடியோ எடுத்து, இதயத் துடிப்பையும் அளந்து பார்த்தார். உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களை அவர் பட்டியலிட்டார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், உடனே தற்காப்புக்குப் போவது, சுவர்போல் மௌனமாகிவிடுவது. இவற்றில் மோசமானது இளக்காரம் என்றார். கண்ணை உருட்டுவது, 'ஆமா, பெரிய இவரு' என்று உதட்டைச் சுழிப்பது எல்லாம் இதில் அடங்கும். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வேறொன்று. தம்பதிகளின் தகராறுகளில் 69 சதவீதம் தீராத வகையைச் சேர்ந்தவை, நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அப்படித்தான் என்கிறார். மாமியார் விஷயமும் பண விஷயமும் 'தீர்ந்துவிடும்' என்று எதிர்பார்த்துக் கவுன்சலிங் வருகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுவேன். தீராததைக் காயப்படாமல் பேசிக்கொண்டே இருக்க முடியுமா என்பதுதான் விஷயம்.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். சண்டையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது. அந்த நேரத்தில் எவ்வளவு நியாயம் பேசினாலும் வீண். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். உங்கள் கணவரும் 'தூக்கம் வருது' என்று வைப்பவராக இருந்தால், அது பெரும்பாலும் இந்தக் கொதிப்பிலிருந்து தப்பிப்பதற்குத்தான், அலட்சியத்தால் அல்ல. ஆனால் எப்போது திரும்பப் பேசுவேன் என்று சொல்லாமல் வைப்பதால் உங்களுக்கு அது கதவைச் சாத்தியதுபோல் விழுகிறது. "இப்ப என்னால முடியல, பத்து மணிக்கு நானே கூப்பிடறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிடுவது ஒன்றை மட்டும் பழகிய ஜோடிகளில் வாரச் சண்டை கண்ணுக்குத் தெரியும்படி குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதில் திரை என்ன செய்கிறது? சில விஷயங்களில் கெடுக்கும், சிலவற்றில் எதிர்பாராமல் உதவும்.

கழுத்துக்குக் கீழே நடப்பது எனக்குத் தெரியாது. கால் ஆடுகிறதா, கை புடவைத் தலைப்பைத் திருகுகிறதா என்று நேரில் தெரிவது இங்கே தெரியாது. குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் வாடை வராது. கேமராவுக்குப் பின்னால் யாராவது நின்று கேட்கிறார்களா என்பதும் தெரியாது, இதற்குப் பின்னால் வருகிறேன். நேரில் வந்தால் அமர்வு முடிந்து இருவரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போவார்கள், வழியில் டீ குடிப்பார்கள், ஏதாவது பேசுவார்கள். வீடியோவில் 'லீவ்' பட்டனை அழுத்தியதும் அவர் ஒரு அறையில் தனி, நீங்கள் ஒரு அறையில் தனி. மனம் திறந்து அழுதபின் அந்தத் தனிமை கொடுமை. அதனால் கடைசி பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் கிளறக்கூடாது. கிளறுகிற கவுன்சலராக இருந்தால் நீங்களே சொல்லி நிறுத்தலாம்.

உதவுவது எது என்றால், குறுக்கே பேச முடியாது. இணையத்தில் அரை நொடி தாமதம் இருப்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் கேட்காது. ஒருவர் முடித்தபின்தான் மற்றவர் என்ற ஒழுங்கை நேரில் கொண்டுவர நான் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கும், இங்கே தானாக வருகிறது. அப்புறம், தன் முகத்தைத் தானே பார்ப்பது. மனைவி பேசும்போது தன் உதடு எப்படிச் சுழிகிறது என்று ஒருவர் திரையில் பார்த்துவிட்டு, "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டது உண்டு. சிலருக்கு அது தொந்தரவு, தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேச மறந்துவிடுவார்கள். அவர்கள் தங்கள் படத்தை மட்டும் மறைத்துக்கொள்ளலாம், ஜூமிலும் கூகுள் மீட்டிலும் அதற்கு வழி உண்டு.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் 30 தம்பதிகளை நேரில் ஒரு பாதி, வீடியோவில் ஒரு பாதி என்று பிரித்து 6 அமர்வுகள் கொடுத்துப் பார்த்து 2022ல் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் முன்னேற்றம், வித்தியாசம் சொல்லும்படி இல்லை. கவுன்சலரோடு ஏற்படும் நம்பிக்கையும் வீடியோவில் குறையவில்லை. சின்ன ஆய்வுதான். இதைவிடப் பெரியது மயாமி பல்கலைக்கழகத்தின் பிரையன் டாஸ் 300 தம்பதிகளோடு செய்து 2016ல் வெளியிட்டது. அதில் முழு கவுன்சலிங்கூட இல்லை. இணையத்தில் தாங்களே செய்யும் பாடங்கள், இடையிடையே ஒரு வழிகாட்டியோடு கால் மணி நேர உரையாடல்கள் நான்கு, அவ்வளவுதான். அதற்கே உறவின் திருப்தி கூடியது, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஆஸ்திரேலியர்கள், அமெரிக்கர்கள். கூட்டுக் குடும்பத்தில் மாமியாரோடு இருக்கும் திருச்சி மருமகள் அதில் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாக்குறுதி கொடுக்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள் என்பதற்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் தொடங்கிய ஆய்வு தம்பதி சிகிச்சைத் துறையில் மிகவும் மதிக்கப்படுவது. ரொம்பவும் மோசமான நிலையில் இருந்த 134 தம்பதிகள், நேரில் அதிகபட்சம் 26 அமர்வுகள், அதன்பின் 5 ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். முடிவில் ஏறக்குறைய பாதிப்பேர் தெளிவாக மேம்பட்ட நிலையில் இருந்தார்கள். நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் பிரிந்துவிட்டார்கள். 'நூறு சதவீதம் உங்களைச் சேர்த்துவைப்போம்' என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

உங்கள் மனதில் இருக்கும் இன்னொரு பயத்தை எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. கவுன்சலர் என்றால் நாட்டாமைபோல் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார், அது உங்களுக்கு எதிராக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நம் வீடுகளில் தகராறு என்றால் பெரியப்பாவும் தாய்மாமாவும் உட்கார்ந்து பேசிப் பழக்கம். அதற்கும் ஒரு பயன் உண்டு, நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அங்கே 'விட்டுக் கொடுத்துப் போ' என்பது தீர்ப்பு, அது பெரும்பாலும் பெண் பக்கம்தான் விழும். கவுன்சலரின் வேலை அது அல்ல. 'உங்க மேலதான் தப்பு' என்று சொல்லும் ஒருவர் வாய்த்தால், அது கணவரைச் சொன்னாலும் சரி, உங்களைச் சொன்னாலும் சரி, ஆளை மாற்றுங்கள்.

சில வீடுகளுக்குத் தம்பதி கவுன்சலிங் கூடாது. அடி இருந்தால், மிரட்டல் இருந்தால், ஃபோனைப் பிடுங்கிப் பார்ப்பது, காசு கொடுக்காமல் அடக்குவது என்று இருந்தால், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொல்வது ஆபத்து. அமர்வில் மனைவி ஒன்றைச் சொல்லிவிடுவார், திரை அணைந்தபின் அதற்கு அடி வாங்குவார். ஆன்லைனில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கவுன்சலருக்கு அந்த அறையில் நடப்பது தெரியாது. அதனால்தான் நல்ல கவுன்சலர் ஆரம்பத்தில் இருவரையும் தனித்தனியாகப் பேசச் சொல்வார், 'இப்போது தனியாக இருக்கிறீர்களா' என்று கேட்பார், ஆபத்து என்றால் சொல்ல ஒரு சங்கேத வார்த்தை வைத்துக்கொள்வார். தனித்தனிப் பேச்சு இல்லாமல் நேரே மூவராக ஆரம்பிக்கிறவர் இந்த அடிப்படையைத் தவறவிடுகிறார். உங்கள் வீட்டில் இப்படி எதுவும் இருந்தால் முதலில் 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், 2005ன் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. வேறொரு தொடர்பு இன்னமும் நடந்துகொண்டிருந்தாலோ, குடி கட்டுப்பாடில்லாமல் போயிருந்தாலோ, அதற்கான உதவியை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு வருவது நல்லது.

உங்கள் வீட்டில் பெரிய சிக்கல் இடம்தான் என்று நினைக்கிறேன். இரண்டு அறை வீடு, ஹாலில் மாமியார் டிவி பார்க்கிறார், பாப்பா எந்த நேரமும் கதவைத் தட்டுவாள். மாமியாரைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்போது அவர் காதில் விழுமோ என்று மெல்லிய குரலில் பேசினால் ஒன்றும் நடக்காது. அந்தப் பக்கம் கணவர் நான்கு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டிலில் இருப்பார். எனக்குத் தெரிந்து ஷார்ஜாவிலும் துபாயிலும் இருப்பவர்கள் நிறையப் பேர் காரில் உட்கார்ந்துதான் வருகிறார்கள். வண்டியைப் பார்க்கிங்கில் போட்டு, ஏசியை ஓடவிட்டு, ஃபோனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து. ஓட்டிக்கொண்டே வருகிறேன் என்பவர்களை நான் ஏற்பதில்லை. நீங்கள் திருச்சியிலேயே ஒரு கவுன்சலர் அறைக்கு நேரில் போய் உட்கார்ந்து, கணவர் மட்டும் திரையில் வரும்படியும் செய்யலாம். மாமியாரும் கேட்கமாட்டார், பாப்பாவும் தட்டமாட்டாள், அழுதபின் எதிரே ஒரு ஆளும் இருப்பார். உங்களுக்கு இதுதான் சரிப்படும் என்பது என் கருத்து.

அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாட்ஸ்அப் காலுக்குத் தடை. ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் வேலை செய்யும். முதல் அமர்வுக்கு முந்தின நாளே இருவரும் ஐந்து நிமிடம் இணைந்து பார்த்துவிடுங்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'நீதான் வச்ச' என்பது தனிச் சண்டையாக மாறி நான் பார்த்திருக்கிறேன்.

அமர்வை யாரும் பதிவு செய்யக்கூடாது என்பதை ஆரம்பத்திலேயே மூவரும் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள், முடிந்தால் எழுத்தில். இதைச் சும்மா சொல்லவில்லை. கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த ஃபோன் உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவாகிறதோ என்ற சந்தேகம் ஒருவருக்கு வந்துவிட்டாலே பிறகு அங்கே உண்மை வராது, வக்கீல் நோட்டீஸ் போலத்தான் பேசுவார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இந்தியாவில் 'மேரேஜ் கவுன்சலர்' என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை, மூன்று நாள் பயிற்சி முடித்தவரும் மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் இருக்கும், கேட்டால் தருவார்கள். மனநல சமூகப் பணியில் எம்ஃபில் முடித்தவர்களும் குடும்ப சிகிச்சையில் நல்ல பயிற்சி பெற்றவர்கள். கவுன்சலிங் சைக்காலஜி முதுகலை படித்தவர்களிலும் சிறந்தவர்கள் உண்டு, ஆனால் தம்பதிகளோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனிநபர் கவுன்சலிங்கில் கெட்டிக்காரர் தம்பதிகளிடம் தடுமாறுவது சாதாரணம். இருவரும் கத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார், பணம் கொடுத்துச் சண்டை போட்டதாக முடியும்.

தனியாகப் பேசும்போது ஒருவர் சொல்லும் ரகசியத்தை என்ன செய்வீர்கள் என்ற கேள்வியைப் பலரும் கேட்க மறக்கிறார்கள். சிலர் அதை அப்படியே வைத்துக்கொள்வார்கள். சிலர் உறவைப் பாதிக்கும் ரகசியத்தை நான் சுமக்கமாட்டேன், நீங்களே அமர்வில் சொல்லத் தயாராக வேண்டும் என்பார்கள். நான் இரண்டாவது வகை. எதுவானாலும் முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்காவது மாத்திரை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருந்தால் அது டாக்டர் வேலை. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி உங்களை இங்கிருந்து ஒரு மனநல மருத்துவர் வீடியோவில் பார்க்கலாம், வெளிநாட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அவர் ஷார்ஜாவிலேயே ஒருவரைப் பார்க்க வேண்டும். பணமே தடை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண், அதாவது அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். தொடர்ச்சியான தம்பதி சிகிச்சை அங்கே கிடைக்காது. இன்றிரவு தாங்க முடியவில்லை என்றால் பேச ஆள் கிடைக்கும். தனியார் கட்டணம் ஒரு அமர்வுக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை பரவலாக இருக்கிறது. பெரும்பாலான ஜோடிகளுக்கு எட்டிலிருந்து இருபது அமர்வுகள் வேண்டியிருக்கும். நான்காவது அமர்வு முடிந்தும் எதற்காக வந்தோம் என்றே பிடிபடவில்லை என்றால் கவுன்சலரிடம் நேராகக் கேளுங்கள். (செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் பார்த்தேன் என்று இப்போது பலர் வருகிறார்கள். அதற்கு உங்கள் பக்கக் கதை மட்டும்தான் தெரியும், பெரும்பாலும் நீங்கள் சொன்னதற்கே தலையாட்டும். தம்பதி விஷயத்தில் அது ஆறுதல், சிகிச்சை அல்ல.)

இனி அவர் வரமாட்டேன் என்பது. எப்படிக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. வழக்கமாகக் கேட்கப்படும் விதம், சண்டையின் உச்சத்தில், "உங்களுக்கு கவுன்சலிங்தான் ஒரே வழி" என்று. அது அழைப்பு இல்லை, இன்னொரு குற்றச்சாட்டு. அதிலும் ஆண்களுக்கு, மூன்றாம் மனிதர் ஒருவர் முன் மனைவி தன்னைப் பற்றிப் புகார் வாசிப்பதாகத்தான் மனதில் படம் ஓடும். பேச்சின் முதல் மூன்று நிமிடம் எப்படி ஆரம்பிக்கிறதோ அப்படியே முடியும் என்றும் காட்மன் குழு சொன்னது. நல்லபடியாகப் பேசிய ஒரு நாளில், சின்னதாக: "நாம பேசறது சண்டையா முடியறது எனக்குக் கஷ்டமா இருக்குங்க. என்னாலயும் அதை நிறுத்த முடியல. ஒரே ஒரு தடவை, ஒரு மணி நேரம் சேர்ந்து பேசிப் பார்ப்போமா? உங்களுக்குப் பிடிக்கலன்னா விட்டுருவோம்." கவுன்சலரைத் தேர்ந்தெடுப்பதை அவரிடமே விடுங்கள், ஆண் கவுன்சலர் வேண்டும் என்றாலும் சரி என்று சொல்லுங்கள். தான் இழுத்துவரப்பட்டவன் இல்லை என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

அப்படியும் மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் ஆரம்பிக்கலாம். இரண்டு பேர் ஆடும் சுழற்சியில் ஒருவர் அடியை மாற்றினாலே மற்றவரால் பழையபடி ஆட முடியாது. நான்கு நீள மெசேஜுக்குப் பதில் ஒரே வரி, 'கேள்வி கேட்டுட்டேன், நாளைக்குப் பேசலாம்' என்று நிறுத்த நீங்கள் பழகினால், அவர் ஒளிய வேண்டிய அவசியமும் குறையும். ஒரு வேளை அவர் மனதில் பிரிந்துவிடலாமா என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு வேறு வகை அமர்வு இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பில் டோஹெர்ட்டி வகுத்த முறை அது. சேர்த்துவைக்கவோ பிரிக்கவோ முயலாமல், தொடர்வதா வேண்டாமா என்று தெளிவதற்கு மட்டும் அதிகபட்சம் ஐந்து அமர்வுகள். தமிழில் அதைச் செய்பவர்கள் குறைவு, ஆனாலும் 'முதலில் இதை மட்டும் பேசலாமா' என்று கேட்டால் அனுபவமுள்ள கவுன்சலருக்குப் புரியும்.

கடைசியாக அவருடைய லீவு. அவர் வந்தபின் நேரில் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். வந்த முதல் பத்து நாள் சொந்தக்காரர்கள் வீட்டு விருந்து, கோயில், கல்யாணம், மாமியாரின் செக்கப். கடைசி பத்து நாள் பிரியப்போகும் கடுப்பு, அதிலேயே சண்டை. நடுவில் கிடைப்பது ஒரு வாரம். இரண்டு மூன்று மாதம் முன்பே வீடியோவில் ஆரம்பித்து, ஒருவர் பேச ஒருவர் கேட்கும் பழக்கம் கொஞ்சம் வந்தபின் அவர் இறங்கினால், அந்த ஒரு வாரத்தில் இரண்டு நேரடி அமர்வுகள் வைக்கலாம். டிக்கெட் போட்டதுமே கவுன்சலரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள், அந்த இரண்டு நாளும் எந்த வீட்டு விருந்துக்கும் வாக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.